ஒரு நாள் முன்னால்

ஓவ்லு நகரில் ஜனவரி. மாலை மூன்றுக்கே இருட்டு.
மருத்துவமனையின் பழைய தரவுத்தளம்
நிலவறையில், வெந்நீர்க் குழாய்களுக்குப் பக்கத்தில்,
பத்தொன்பது வருடமாக
வெளியாள் யாரிடமும் வாய் திறந்ததில்லை.
அதைப் பேசவைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இணைப்பானின் படிவத்தில் பதினான்கு கட்டங்கள்.
போர்ட் எண்ணை ரைமோ தொலைபேசியில் சொன்னான்,
ஒவ்வொரு இலக்கமாக,
கைமாற்றுக் கொடுப்பவன் மாதிரி.
அனுமதி: வாசிக்க மட்டும்.
கடவுச்சொல்: எட்டு நாளில் காலாவதி.
ஒரு மூச்சில் எத்தனை வரிசை அள்ளட்டும் என்று கேட்டது.
பத்தாயிரம் என்றேன், நினைவகம் புரையேறி விழுந்தது.
இரண்டாயிரம் என்றதும்
சமர்த்தாக விழுங்கியது.

எழுத்துக் குறியீடு தவறியதில்
ஹமலைனென் குடும்பத்தார் அத்தனை பேரும்
பெயருக்குள் மூன்று கேள்விக்குறியோடு
வந்து நின்றார்கள்.
அதற்கு ஒரு அரை மணி.

வெறுமையை வெறுமையாகவே கொண்டுவா,
சுழியமாக்காதே என்று ஒரு கட்டத்தில் குறியிட்டேன்.
ஒவ்வாமை இல்லாதவர் வேறு,
ஒவ்வாமை உண்டா என்று
யாரும் கேட்காதவர் வேறு.

நேர மண்டலம் என்று ஒரு கட்டம்.
பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. கட்டாயமில்லை.
காலியாக விட்டேன்.

சோதனைப் பொத்தான்.
'இணைப்பு வெற்றி.' பச்சை.

இரவெல்லாம் ஓடியது.
அங்கே நாற்பத்தொரு லட்சத்துப் பதினெட்டாயிரத்து
இருநூற்றேழு வரிசைகள்.
இங்கேயும் இருநூற்றேழில் முடிந்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்,
அளந்துதான் போட்டிருந்தேன்.
காப்பி ஊற்றிக்கொண்டு
நிராகரிப்புக் கோப்பைத் திறந்தேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு.
காரணம் எல்லாவற்றுக்கும் ஒன்றே:
'இறந்த பின் சிகிச்சை.'

முதல் வரி, ஏழாம் வார்டு.
இறப்பு: பிப்ரவரி எட்டு.
செவிலியர் குறிப்பு: பிப்ரவரி ஒன்பது, 16:40.
'உதட்டை ஈரத் துணியால் நனைத்தேன்.
மனைவி பக்கத்தில் இருக்கிறார்.
ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொன்னார்.'

யார் சொன்னது?
மனைவியா, எட்டாம் தேதியே இறந்துவிட்டவரா?

காப்பி ஆறியது.
பிறகு புரிந்தது.
தேதி மட்டும் எழுதிய கட்டத்தில்
கேட்காமலே நள்ளிரவு உட்கார்ந்திருந்தது.
இங்கே நள்ளிரவென்றால் கிரீன்விச்சில்
முந்தின நாள் இரவு பத்து.
இணைப்பான் ஒழுங்காக இரண்டு மணி நேரம் பின்னே நகர்த்தி,
மணியை நறுக்கி எறிந்து,
தேதியை மட்டும் கொண்டுவந்து வைத்திருந்தது.
செவிலியரின் நேரம் வெறும் எழுத்தாக இருந்ததால்
தப்பித்தது.

எல்லாருமே ஒரு நாள் முன்னால் இறந்திருந்தார்கள்.
ஒரு நாள் முன்னால் பிறந்தும் இருந்தார்கள்.
ஜனவரி முதல் தேதிக் குழந்தைகளுக்கு
ஒரு வருடம் கூடிப்போயிருந்தது.
மாட்டியவர்கள்தான் முன்னூற்றுப் பன்னிரண்டு.
கடைசி நாளில் யாரும் எதுவும் குறித்து வைக்காதவர்கள்
வடிகட்டியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருந்தார்கள்.
அவர்களை எண்ண வழியில்லை.

துவோமஸ் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
'நாற்பது லட்சத்தில் முந்நூறா?
வரம்புக்குள்தானே இருக்கிறது, மர்யுட்.'

நான் தட்டிக்கொண்டிருந்தேன்.
ஐரோப்பா, சாய்கோடு, ஹெல்சின்கி.
இலக்கு அட்டவணையை வழித்துத் துடைத்தேன்.
முதலிலிருந்து.

மறுநாள் விடிய இன்னும் நேரமிருந்தது.
அதே இருநூற்றேழு.
எண்ணிக்கையைப் பார்த்தவன்
ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்வான்.
நிராகரிப்புக் கோப்பு
தலைப்பு வரியோடு காலியாகக் கிடந்தது.
ஏழாம் வார்டைத் தேடினேன்.
ஒன்பதாம் தேதி. நாலு நாற்பதுக்கு அவர் இருக்கிறார்.
ஜன்னல் திறந்ததா என்று
எந்தக் கட்டத்திலும் இல்லை.

பணிப்பதிவில் எழுதினேன்: அமைப்பு மாற்றம், ஒரு வரி.
'மறு ஓட்டம் எட்டு மணி நேரம்,
யார் கணக்கில் எழுத?' என்றான் துவோமஸ்.
என் பெயரில் எழுது என்றேன்.
கடவுச்சொல்லுக்கு இன்னும் ஆறு நாள் ஆயுசு.